தலை தீபாவளி வரை பொறுக்கணும்

சென்ற ஆண்டு புரட்டாசி மூன்றாவது சனிக்கிழமை. காலை ஆறரை மணி. கோப்பியை ஆற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிள்ளானிலிருந்து அக்கா அழைத்தார்.

"தம்பி, உடனே கிளம்பி வா. எல்லாம் கொட்டிப் போச்சு."

சனிக்கிழமை பூசைக்கு ஏதோ சமைத்து, அடுப்பிலிருந்து இறக்கும்போது கொட்டிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். "கையில சுட்டுக்கிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"ஐயோ, அது இல்லடா. உன் மருமகன் தலை! காசைக் கொட்டி நட்டதெல்லாம் பாத்ரூம்ல கொட்டிக் கிடக்கு. ஏமாத்திட்டாங்கடா."

என் அக்கா மகனுக்கு இருபத்தொன்பது வயது. கே.எல். சென்ட்ரலில் வேலை. தினமும் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வந்து போகிறவன். இருபத்து மூன்று வயதிலேயே நெற்றி இரண்டு பக்கமும் மேலே ஏற ஆரம்பித்துவிட்டது. "தாய்மாமன் தலை அப்படியே வந்திருக்கு" என்று குடும்பத்தில் எல்லாரும் சொல்வார்கள். அந்தத் தாய்மாமன் நான்தான். என் தலையில் முடி இருந்ததற்கு ஆதாரம் என் அடையாள அட்டையின் பழைய படம் மட்டுமே. ஆகவே இந்த விஷயத்தில் எனக்கு ஒரு குற்ற உணர்வு உண்டு. தைக் கடைசியில் கல்யாணம் என்று முடிவானதும், செப்டம்பர் நடுவில், மலேசிய தின விடுமுறையோடு சேர்த்து விடுப்பு எடுத்துக்கொண்டு அவன் முடி நடவு செய்துகொண்டான். ஆலோசனைக்குக் கூடப் போனவன் நான். கையெழுத்துப் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனும் நான்தான்.

கூட்டரசு நெடுஞ்சாலையில் சனிக்கிழமை காலை என்பதால் நெரிசல் இல்லை. போய்ச் சேர்ந்தபோது பையன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தான். முன்னால் ஒரு டிஷ்யூ பேப்பர். அதில் அரை சென்டிமீட்டர் நீளத்தில் குட்டிக் குட்டி முடிகள், எறும்பு வரிசை மாதிரி. எண்ணி வைத்திருக்கிறான். அறுபத்து மூன்று.

"இன்னிக்குக் காலையில மட்டும் மாமா. நேத்து எண்ணல."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரு பழைய மைவி வாங்கியிருக்கலாம்" என்றார்.

ஒரு முடியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். அடியில் வெள்ளையாக ஒரு சின்னப் பொட்டு. "வேரோட வந்திருக்கு பாருங்க" என்றான். பயத்தின் காரணம் அதுதான். அந்த வெள்ளைப் பொட்டு வேர் இல்லை. முடி ஓய்வுக்குப் போகும்போது அதன் அடிநுனி அப்படிக் குமிழ் மாதிரி திரண்டுகொள்ளும். நாம் தலை சீவும்போது சீப்பில் வருகிற முடியிலும் அதைப் பார்க்கலாம். முடியை உற்பத்தி செய்கிற மயிர்க்கால் தோலுக்கு உள்ளேயே இருக்கிறது.

இதை டாக்டர் எங்களிடம் சொல்லியிருந்தார். சொன்னார் என்பது அந்த மேசையில்தான் எனக்கு ஞாபகம் வந்தது. "நட்ட முடி ஒரு மாதத்துக்குள் உதிரும், பிறகு புதிதாக வரும்" என்று ஒரே வரி. அதற்குப் பிறகு வெளியே ஒரு பெண் பளபளப்பான புத்தகத்தைப் புரட்டி, படங்களைக் காட்டி, "நாலு மாசத்துல முடி வந்திடும் சார்" என்று அரை மணி நேரம் பேசினார். டாக்டரின் ஒரு வரி மறந்துபோய் அந்த அரை மணி நேரம் மட்டும் மனதில் தங்கிவிட்டது. நாலு மாதம் என்றால் தைக்குச் சரியாக இருக்கும் என்று மூன்று பேரும் கணக்குப் போட்டோம். நாலாம் மாதம் முடி 'வரும்' என்பது உண்மைதான். தலை நிறைய இருக்கும் என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம்.

இன்னொரு காரணமும் உண்டு. முடி எடுத்த தலையில் முடி எப்படி வளரும் என்பது நமக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். பத்துமலையில் மொட்டை போடாத குடும்பம் நம்மில் எத்தனை? தைப்பூசத்துக்கு மொட்டை, தலை முழுக்கச் சந்தனம். அடுத்த வாரமே தடவினால் சொரசொரப்பு. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் என்ற கணக்கில், சித்திரைக்குள் சீப்பு வைக்கலாம். மொட்டையில் கத்தி தோலுக்கு மேலே மட்டும்தான் போகிறது. உள்ளே மயிர்க்காலுக்கு மொட்டை போட்டது தெரியவே தெரியாது. அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். (மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்பதும் இதனாலேயே சரியில்லை. மழுங்கிய நுனி கைக்குத் தடிப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். இதை என் அம்மாவிடம் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.)

நடவில் நடப்பது வேறு. மயிர்க்காலையே பின்னந்தலையிலிருந்து தோண்டி எடுக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான குழல் கத்தியால் சுற்றி வெட்டி, ஒவ்வொன்றாக. ஒரு மயிர்க்கால் கொத்தில் ஒன்றிலிருந்து நான்கு முடி வரை இருக்கும். அதைக் குளிர்ந்த திரவத்தில் வைத்திருந்து, முன்பக்கம் நுண்ணிய துளை போட்டு நடுகிறார்கள். அந்தச் சில மணி நேரம் அதற்கு ரத்த ஓட்டம் கிடையாது. நட்ட பிறகும் புதுத் தோலில் ரத்த நாளம் வந்து சேரச் சில நாட்கள் ஆகும். இந்த அதிர்ச்சியில் மயிர்க்கால் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓய்வுக்குப் போய்விடுகிறது. இரண்டாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரத்துக்குள் பழைய முடியை உதிர்த்துவிடும். முடியின் இயல்பான ஓய்வுக் காலம் எல்லாத் தலையிலும் ஏறக்குறைய மூன்று மாதம். அதை முடித்துக்கொண்டுதான் புது முடியைத் தொடங்கும். நம் எல்லார் தலையிலும் தினமும் ஐம்பது முதல் நூறு முடி இந்த முறையில்தான் விழுகிறது. ஒரு லட்சத்தில் நூறு போனால் யாருக்கும் தெரிவதில்லை. நட்டது எல்லாம் ஒரே நாளில் நட்டது என்பதால் எல்லாம் சேர்ந்து ஓய்வுக்குப் போகின்றன.

இவ்வளவையும் அக்காவுக்கு விளக்கினேன். அவர் முகம் மாறவில்லை. அப்புறம்தான் அப்பாவின் வேலை ஞாபகம் வந்தது. நாங்கள் காப்பார் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். அப்பா நாற்றங்காலில் ரப்பர் கன்றுக்கு ஒட்டுக் கட்டுவார். ஒட்டுப் பிடித்த கன்றைப் பிடுங்கி, ஒட்டுக்கு மேலே தண்டை வெட்டி, பக்க வேரையும் நறுக்கி, வெறும் குச்சியாகத்தான் நடுவார்கள். ஒரு இலை இருக்காது.

"அக்கா, அப்பா நட்ட ஒட்டுக்கன்று எப்படி இருக்கும்? செத்த குச்சி மாதிரிதானே?"

அக்கா கொஞ்ச நேரம் டிஷ்யூ பேப்பரைப் பார்த்தார். "ஆமா. நான் ஒண்ணைப் பிடுங்கிப் பார்த்து அடி வாங்கியிருக்கேன்" என்றார். பிறகு எழுந்து போய், எனக்கும் சேர்த்து இட்லி வைத்தார்.

அன்று பையன் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. "முன்னாடி இருந்த முடி கொட்டிச்சு. அதே இடத்துல நட்ட முடி மட்டும் ஏன் மாமா நிலைக்கும்?" இதற்கு விடை கிடைத்ததற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1942ல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க உடற்கூறு அறிஞர், ஆண் சுரப்புநீர் இல்லாதவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை, வழுக்கைக் குடும்பத்தில் பிறந்த அப்படிப்பட்டவர்களுக்கு அதை மருந்தாகக் கொடுத்தால் விழுகிறது என்று எழுதினார். ஆக, பரம்பரையும் வேண்டும், சுரப்புநீரும் வேண்டும். நெற்றியிலும் உச்சியிலும் உள்ள மயிர்க்கால்கள் அந்தச் சுரப்புநீருக்கு இணங்கி, வருடா வருடம் சிறுத்துப் போகின்றன. பின்னந்தலையிலும் காதோரமும் உள்ளவை அதைக் கண்டுகொள்வதில்லை. என் தலையிலேயே பார்க்கலாம், காதைச் சுற்றி மட்டும் வேலி போட்ட மாதிரி நிற்கும்.

அந்தப் பின்னந்தலைத் தோலை முன்னால் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும்? நியூயார்க்கில் நார்மன் ஓரென்ட்ரீச் என்ற தோல் மருத்துவர் 1952ல் அதைச் செய்து பார்த்தார். முடி, வைத்த இடத்தின் குணத்தைக் கற்றுக்கொள்ளவில்லை. பிறந்த இடத்தின் குணத்தோடேயே வளர்ந்தது. 1959ல் அதை எழுதி வெளியிட்டார். இன்றைய முடி நடவு முழுக்க அந்த ஒரு கண்டுபிடிப்பின் மேல்தான் நிற்கிறது. அவருக்கும் முன்னால், 1939லேயே, ஷோஜி ஒகுடா என்ற ஜப்பானிய மருத்துவர் தீக்காயம் பட்ட தலைகளில் முடித்தோலை நட்டு எழுதியிருந்தார். உலகப் போர் வந்துவிட்டது, மேற்கே யாருக்கும் தெரியாமல் போயிற்று. ஓரென்ட்ரீச் காலத்து நடவு பார்க்க அழகாக இருக்காது. பொம்மைத் தலையில் முடி குத்திய மாதிரி கொத்துக் கொத்தாக நிற்கும். 1980களின் கடைசியில் டெக்சஸில் பாபி லிம்மர் நுண்ணோக்கியின் கீழ் மயிர்க்கால்களை அதனதன் இயல்பான கொத்தாகப் பிரித்து நட ஆரம்பித்த பிறகுதான் அது முடி மாதிரி ஆனது. இப்போது நெற்றி ஓரத்தில் ஒற்றை முடிக் கொத்தும், அதற்குப் பின்னால் இரண்டு மூன்று முடிக் கொத்துமாக நடுகிறார்கள். இயற்கையான நெற்றியும் அப்படித்தான், உற்றுப் பாருங்கள்.

நடவு நாளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மரத்துப் போக ஊசி போடுவதுதான் வலி. மற்றபடி ஏழு மணி நேரம் படுத்துக்கொண்டு படம் பார்த்தான். அதற்குப் பிந்திய பத்து நாள்தான் வேலை. தலையணையை அடுக்கி, சாய்ந்தபடியே தூங்க வேண்டும். உப்பு நீரை மணிக்கணக்கில் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றாம் நாள் நெற்றி வீங்கி, வீக்கம் கண்ணுக்கு இறங்கியது. தலைக்குள் செலுத்திய திரவம் கீழே வடிவதுதான் அது, இரண்டு நாளில் போய்விட்டது. அம்மா ஆசையாகச் சந்தனம் அரைத்துக்கொண்டு வந்துவிட்டார், மொட்டைக்குப் போடுகிற மாதிரி குளிர்ச்சியாக இருக்கும் என்று. வாசலிலேயே மடக்கினோம். அந்த முதல் பத்து நாள் நட்டது ஒட்டிப் பிடிக்கிற காலம். விரல் பட்டாலே பெயர்ந்துவிடும். பத்தாம் நாள் வாக்கில், டாக்டர் காட்டிக்கொடுத்தபடி மெல்ல மெல்ல ஊறவைத்துக் கழுவியதும் காய்ந்த பொருக்கெல்லாம் போய், முன்நெற்றியில் கோடு போட்ட மாதிரி குட்டி முடி. அன்றைக்கு எடுத்த படத்தைக் குடும்ப வாட்ஸ்அப்பில் எல்லாரும் கொண்டாடினோம். ஒன்பது நாள் கழித்து அந்த முடிதான் டிஷ்யூ பேப்பரில் கிடந்தது.

தீபாவளிக்கு நிலைமை இன்னும் மோசம். நட்ட முடி எல்லாம் போயிருந்தது. அதோடு, பக்கத்தில் முன்பிருந்தே இருந்த சொந்த முடியிலும் கொஞ்சம் அதிர்ச்சியில் உதிர்ந்திருந்தது. அதுவும் திரும்பி வரும் என்றாலும், பார்ப்பவருக்கு நடவுக்கு முன்பு இருந்ததைவிடக் குறைவாகத்தான் தெரியும். திறந்த இல்ல உபசரிப்பில் பையன் தொப்பியோடு நின்றான். ஜிப்பாவுக்குத் தொப்பி. ஒரு பெரியம்மா முறுக்கை மென்றுகொண்டே, "என்னடா, கல்யாணம் நெருங்க நெருங்க இருக்கிறதும் போகுது?" என்றார். நல்ல மனுஷி, ஒன்றும் தெரியாமல் கேட்டது. அவன் அறைக்குள் போனவன் விருந்தாளிகள் போகும் வரை வெளியே வரவில்லை.

அன்றிரவு என்னிடம், "கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாமா மாமா?" என்று கேட்டான். எனக்குத் திக்கென்றது. மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாயிற்று, அது கிடக்கட்டும். பெண் வீட்டில் இதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பெண்ணிடம்கூடச் சொல்லவில்லை. ஆறு வாரமாகத் தொப்பி, வீடியோ அழைப்பில் பாதி முகம், நேரில் சந்திக்க ஒவ்வொரு முறையும் ஒரு சாக்கு. அவள் வேறு என்னவோ நினைத்துக்கொண்டிருக்க மாட்டாளா?

அவன் மான்செஸ்டர் யுனைடெட் பைத்தியம். அதனால் ரூனியை எடுத்தேன். 2011 ஜூன் மாதம், இருபத்தைந்து வயதில், வெய்ன் ரூனி முடி நடவு செய்துகொண்டு, "ஆமாம், செய்தேன்" என்று டுவிட்டரில் தானே போட்டார். ரத்தப் பொருக்கோடு இருந்த தலையையே படமெடுத்துக் காட்டினார். உலகமே பார்க்கிற ஆட்டக்காரர், அதே தலையோடு அடுத்த பருவம் ஆடினார். இரண்டு வருடம் கழித்து இன்னொரு முறையும் செய்துகொண்டார். நம் ரஜினியோ நேரெதிர். திரையில் ஒரு தலை, வெளியே வழுக்கையும் நரையுமாகச் சொந்தத் தலை. இரண்டு பேருமே மறைக்கவில்லை. "நீ மட்டும் ஏன்டா மறைக்கிறே?" என்றேன்.

மறுநாள் அவன் காஜாங்கிற்குப் போய் அவளிடம் சொன்னான். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. திரும்பி வந்தவன் சொன்னது இவ்வளவுதான்: "அவ, 'தொப்பியைக் கழட்டு'ன்னா மாமா. கழட்டினேன். 'இதுக்கா ரெண்டு மாசம் என்னை அழ வைச்சே?'ன்னு கேட்டா."

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு பிரிக்பீல்ட்ஸில் எனக்குத் தெரிந்த முடிதிருத்தும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். (ஆள் கிடைக்காமல் பாதி நாற்காலி காலியாகக் கிடக்கும் நம் முடிதிருத்தும் கடைகளைப் பற்றித் தனியாக ஒரு வாரம் எழுத வேண்டும்.) கடைக்காரர் எனக்கு இருபது வருடப் பழக்கம், என் தலையில் வெட்டுவதற்குக் கொஞ்சமே இருப்பதால் பேசுவதற்குத்தான் போவேன். அவர் தலையைத் தொடாமலேயே குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, நட்டிருக்கீங்களா? இப்போ நாலு மாசம் இருக்குமா?" என்றார். எத்தனை தலை பார்த்தவர்! பிரச்சினை எங்கே என்று அவர்தான் சரியாகச் சொன்னார். பக்கமும் பின்னாலும் நாலரை மாத முடி நன்றாக வளர்ந்து நிற்கிறது, முன்னால் இப்போதுதான் பூனை முடி. வித்தியாசம்தான் கண்ணை உறுத்துகிறது. எல்லாவற்றையும் ஒட்ட வெட்டிச் சமமாக்கினார். கால் மணி நேர வேலை. முகூர்த்தத்தில் தலைப்பாகை இருந்தது. இரவு விருந்தில் தலைப்பாகை இல்லாமல்தான் நின்றான், ஒட்ட வெட்டிய தலையோடு, மிலிட்டரிக்காரன் மாதிரி. பெரியம்மா, "இதுதான்டா உனக்கு நல்லா இருக்கு" என்றார். அவர் எல்லாவற்றுக்கும் ஏதாவது சொல்வார்.

அந்தப் பூனை முடியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேயும் பயம் வரும். மூன்றாம் மாதக் கடைசியில் நெற்றிமேல் பரு மாதிரி சிவந்து அங்கங்கே எழும்பியது. புது முடி தோலைத் துளைத்து வரும்போது இப்படி ஆவது உண்டு. ஒன்றிரண்டாக வந்து தானே அடங்கினால் கவலையில்லை, சீழ் கட்டிப் பரவினால் டாக்டரிடம் ஓட வேண்டும். கிள்ளக் கூடாது. பிறகு வந்த முடி மெல்லியது, நிறம் கம்மி, சிலது சுருட்டை. "என் முடி நேர் முடி, இது யார் முடி?" என்று கேட்டான். புது மயிர்க்கால் முதல் சில மாதம் அப்படித்தான் நெய்யும், போகப் போகத் தடித்து நேராகும். எல்லாம் ஒரே நாளில் உதிர்ந்தாலும் ஒரே நாளில் முளைப்பதில்லை. இடது பக்கம் முந்திக்கொண்டது, வலது பக்கம் ஒரு மாதம் தாமதம். ஆறாம் மாதம் பாதி வந்தது என்று சொல்லலாம். எட்டாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை தெங்கு கிளானா சாலையில் பூ வாங்கிக்கொண்டிருந்தபோது, காற்றில் அவன் முன்முடி அசைந்தது. அவன் கவனிக்கவில்லை, நான் பார்த்தேன். உச்சியில் நட்டவர்களுக்கு இன்னும் அதிகம் பொறுமை வேண்டும், ஒன்றரை வருடம்கூட ஆகும்.

இந்தப் பத்தியில் இதைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னதும் நண்பர்கள் கேட்ட முதல் கேள்வி, "எங்கே செய்தான், எவ்வளவு?" நான் சொல்லப்போவதில்லை. இடத்தைவிட வேறு மூன்று விஷயம் முக்கியம் என்று நினைக்கிறேன். கல்யாணமோ, படம் எடுக்கிற எந்த விசேஷமோ இருந்தால், ஒரு வருடம் முன்பாகச் செய்யுங்கள், இல்லையென்றால் விசேஷம் முடிந்த பிறகு செய்யுங்கள். நாலு மாதம் முன்பு என்பது இருப்பதிலேயே மோசமான நேரம். இரண்டாவது, நட்டது நிலைக்கும், நடாத பழைய முடி தன் வழியில் போய்க்கொண்டேதான் இருக்கும். இருபத்திரண்டு வயதில் அவசரப்பட்டு நெற்றியில் நட்டுக்கொண்டவர்களுக்கு, பத்து வருடத்தில் முன்னால் ஒரு பட்டை, நடுவில் வெற்றிடம் என்று ஆவதுண்டு. பின்னந்தலை ஒன்றும் அட்சய பாத்திரம் இல்லை. எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. அதனால்தான் இருப்பதைக் காக்க மினாக்சிடில், ஃபினாஸ்டரைட் போன்ற மருந்துகளை டாக்டர்கள் சேர்த்தே பேசுகிறார்கள். ஃபினாஸ்டரைடுக்குப் பக்கவிளைவுகள் உண்டு, தாம்பத்தியத்தைப் பாதிப்பதும் அதில் ஒன்று, அதனால் டாக்டரிடம் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். கர்ப்பமாக இருக்கும் பெண்கள் உடைந்த மாத்திரையைத் தொடவே கூடாது. புதுக் கல்யாணம் ஆன வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

மூன்றாவதைச் சொல்லும்போது எனக்குக் குரல் மாறிவிடும். 2016 மே மாதம் சென்னையில் இருபத்திரண்டு வயது மருத்துவ மாணவர் ஒருவர் முடி நடவுக்குப் போய், சிகிச்சையின்போது உடல்நிலை மோசமாகி, இரண்டு நாளில் இறந்துபோனார். அந்த இடத்துக்கு இருந்தது சலூன் நடத்தும் உரிமம் என்று பிறகு விசாரணையில் தெரிந்தது. படித்துக்கொண்டிருந்தது மருத்துவம், நினைத்துப் பாருங்கள். முடி விஷயம்தானே என்று அவருக்கே தோன்றியிருக்கும். நம் நாட்டில் 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டப்படி கிளினிக் பதிவு பெற்றிருக்க வேண்டும். கத்தி வைக்கிற டாக்டரின் பெயரை மலேசிய மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் தேடினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்தப் பளபளப்புப் புத்தகத்தைப் புரட்டிக்காட்டிய பெண்ணிடம் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, "நாலாம் மாதப் படம் இருக்கிறதா?" என்பது. அவரிடம் முதல் நாள் படமும் பன்னிரண்டாம் மாதப் படமும்தான் இருந்தன.

இந்த வருடம் அவனுக்குத் தலை தீபாவளி. நடவு செய்து பதின்மூன்று மாதம். காஜாங்கில் மாமியார் வீட்டில் விடியற்காலை எண்ணெய்க் குளியல். மருமகள் அதை வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டிருந்தாள். மணை மேல் பையன் உட்கார்ந்திருக்கிறான். சம்பந்தியம்மா உள்ளங்கை நிறைய நல்லெண்ணெயை ஊற்றி நடு உச்சியில் வைக்கிறார். அவன் தோள் இரண்டும் காது வரை ஏறுகிறது. "மெதுவா, அத்தை." அவர் காதில் வாங்கவே இல்லை. பத்து விரலும் போட்டு, முன்நெற்றியிலிருந்து பிடரி வரை பரபரவென்று தேய்க்கிறார். பின்னால் யாரோ சிரிக்கிறார்கள். கடைசியில் கையை உதறிவிட்டுப் போகிறார். அவன் மடியில் கிடந்த துண்டை எடுத்து எண்ணெயைத் துடைத்துக்கொள்கிறான். துண்டை ஒரு தடவைகூடப் பிரித்துப் பார்க்கவில்லை.

ஐந்து நிமிடத்தில் அக்கா அழைத்தார்.

"பார்த்தியா?"

"பார்த்தேன்கா."

"காதுக்குப் பின்னாடி எண்ணெயே வைக்கல அந்த அம்மா."